கடைசி வண்டியின் கணக்கு: மண்பாதைப் பயணக் குழுக்களும் புதியவரும்

ஹீரோ நிறுவனம் 2019ல் எக்ஸ்பல்ஸ் 200 வண்டியை ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் விலையில் விற்பனைக்கு விட்டது. 21 அங்குல முன்சக்கரம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2016ல், ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வந்திருந்தது. இவை இரண்டுக்கும் முன்னோடியான ஹீரோ இம்பல்ஸ் 2011ல் வந்து, போதிய ஆதரவு கிடைக்காமல் சில ஆண்டுகளில் மறைந்தது. ஆக, மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி நடுத்தரக் குடும்பத்து இளைஞரின் கைக்கு எட்டியது அண்மையில்தான். வண்டி வந்த வேகத்தில் அதை ஓட்டக் கற்றுத்தரும் இடங்கள் வரவில்லை. சட்டப்படி ஓட்டக்கூடிய பாதைகளும் வரவில்லை. அந்தக் குறையை இட்டு நிரப்புபவை குழுக்கள். ஷோரூம்காரர் தொடங்கிய வாட்ஸ்அப் குழு, ஒரே மாடல் வண்டி வைத்திருப்பவர்களின் குழு, ஞாயிறு விடிவதற்கு முன் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் கூடும் நண்பர் கூட்டம் என்று அவை பல விதம். புதிதாக வண்டி வாங்கியவர் இவற்றில் ஏதோ ஒன்றில் போய்ச் சேர்கிறார். சேரலாமா, எதில் சேரலாம், அதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது இன்று பலருடைய கேள்வி.

வழக்கமாகக் கிடைக்கும் பதில் வண்டியில் தொடங்கி உடுப்பில் முடியும். நான் வேறு இடத்தில் தொடங்குகிறேன். வரிசையில் கடைசியாக வருபவர் யார், அந்தக் குழு அவரை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். மற்ற கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

முதலில், தனியாகப் போகலாமா? கூடாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. எக்ஸ்பல்ஸின் எடை 150 கிலோவைத் தாண்டும். 2023 இறுதியில் வந்த புதிய ஹிமாலயன் 196 கிலோ. மண்ணில் விழுவது விபத்துக் கணக்கில் சேராது, அது அன்றாடம். நடக்கும் வேகத்தில் சாய்ந்தால்கூடக் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ளலாம். சரிவில் வண்டி மேலே கிடக்க, கால் அடியில் இருக்க, செல்போனில் சிக்னல் இல்லாத நிலையை எண்ணிப் பார்த்தால் போதும். துணைக்கு ஒருவராவது வேண்டும். இருவர் இருந்தால் நல்லது. ஒருவர் காயப்பட்டவரோடு இருக்க, மற்றவர் தார்ச்சாலைக்குப் போய் உதவி அழைக்கலாம்.

ஆனால் குழுவும் ஆபத்தைக் கூட்டிவரும். தனியாக ஓட்டும்போது பயம்தான் பிரேக். குழுவில் அந்தப் பிரேக் பிடிக்காது. முன்னால் போகிறவரின் புழுதி கண்ணில் படும் வரைதான் பாதை தெரியும் என்று நினைத்து, அவரை விட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், தன் திறமைக்கு மீறிய வேகத்தில் புதியவர் ஓட்டுகிறார். என் அனுபவத்தில் புதியவர்கள் பெரிதாக விழுவது செங்குத்து ஏற்றங்களில் இல்லை. ஏற்றத்தில் எல்லாரும் நின்று பார்ப்பார்கள், எச்சரிக்கை இருக்கும். விழுவது இரண்டு கஷ்டமான இடங்களுக்கு நடுவே உள்ள சாதாரண வண்டிப்பாதையில், விட்டதைப் பிடிக்க விரட்டும்போது.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. வேகமானவர்கள் ஒரு மேட்டில் போய் நின்று ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, படம் எடுத்துப் பத்து நிமிடம் இளைப்பாறுகிறார்கள். மெதுவாக ஓட்டுபவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், “வந்தாச்சா, கிளம்பலாமா?” என்று இக்னிஷனைத் திருப்புகிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை ஓய்வு முடிந்துவிட்டது. நாள் முழுக்க இப்படியே போனால், குழுவிலேயே அதிகம் களைப்பவருக்குத்தான் மிகக் குறைந்த ஓய்வு கிடைக்கும். மதியத்துக்கு மேல் கை சோர்ந்து, கிளட்ச் விரல்கள் மரத்துப்போய், நீர்ச்சத்தும் குறைந்த நிலையில் அவர் விழுகிறார். “புதுசுல, பேலன்ஸ் வரல” என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். கடைசி ஆள் வந்து, அவர் தண்ணீர் குடித்து முடித்த பிறகே நேரத்தை எண்ணத் தொடங்குகிற குழு நல்ல குழு. இந்த ஒன்றைக் கவனித்தாலே முதல் நிறுத்தத்தில் குழுவின் குணம் தெரிந்துவிடும்.

உலகெங்கும் மண்பாதைக் குழுக்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் நடைமுறைகளும் கடைசி ஆளைச் சுற்றியே அமைந்தவை. முன்னால் ‘லீட்’, பின்னால் ‘ஸ்வீப்’. பாதை தெரிந்தவர் லீட். ஸ்வீப்புக்குப் பின்னால் யாரும் இருப்பதில்லை. அவர் வந்துவிட்டால் எல்லாரும் வந்தாகிவிட்டது என்று பொருள். குழுவில் நன்றாக ஓட்டும் இருவரில் ஒருவர் கட்டாயம் ஸ்வீப்பாக இருக்க வேண்டும். விழுந்ததைத் தூக்குவது, பஞ்சர் பார்ப்பது, பயந்தவரின் வண்டியைத் தானே ஓட்டி ஏற்றிவிட்டு நடந்து திரும்பி வருவது எல்லாம் அவர் வேலை. நம் ஊரில் ஸ்வீப் வேலையைத் தண்டனைபோல நினைத்து, கொஞ்சம் மெதுவாக ஓட்டும் தம்பி யாருக்காவது தள்ளிவிடும் வழக்கம் உண்டு. அது தலைகீழ் ஏற்பாடு.

பாதை பிரியும் இடத்துக்கு ஒரு முறை இருக்கிறது. லீட் ஒரு திருப்பத்தில் கையால் இடத்தைக் காட்டுவார். அவருக்கு அடுத்து வருபவர் அங்கேயே நின்று, பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் வழி காட்டுவார். ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்வார். இப்போது மூன்றாவதாக வந்தவர் லீடுக்கு அடுத்த ஆள். அடுத்த திருப்பம் அவர் பொறுப்பு. இந்த முறையில் பாதை தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. நிற்கச் சொன்ன இடத்தை விட்டு நகரக் கூடாது என்ற ஒரே விதியை மீறினால் மட்டும் இது உடையும். “அண்ணா, ரொம்ப நேரம் யாரும் வரல, அதான் கிளம்பிட்டேன்” என்று ஒருவர் வந்து நிற்கும்போது, பின்னால் நான்கு பேர் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். சிறு குழுக்கள் இன்னும் எளிதாக ஒரு வழி வைத்திருக்கின்றன: தனக்குப் பின்னால் வருபவருக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு, பிரியும் இடத்தில் அவர் முகம் தெரியாமல் திரும்பக் கூடாது. ஐந்தாறு பேருக்கு இது போதும். பிரிட்டனில் 1970லிருந்து இயங்கும் டிரெயில் ரைடர்ஸ் ஃபெல்லோஷிப் சிறு குழுவாகப் போவதையே தன் உறுப்பினர்களுக்கு வலியுறுத்துகிறது. முப்பது நாற்பது வண்டிகள் வரிசையாகப் போகும் ‘மெகா ரைடு’ படத்துக்கு நன்றாயிருக்கும். புதியவர் அதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை, புழுதி தின்பதைத் தவிர.

மண்ணுக்கு வருவோம். ஒரு குழுவின் அனுபவம் என்பது பெரும்பாலும் அது பழகிய மண்ணின் அனுபவம். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைக்காட்டில் பழகியவர் திருச்செந்தூர்ப் பக்கத்து மணலில் திணறுவார். சரளையில் கற்கள் சக்கரத்துக்கு அடியில் உருளும், ஹேண்டில் தானாக ஆடும். அதை இறுக்கிப் பிடித்து நேராக்க நினைப்பதுதான் புதியவரின் இயல்பு. முழங்கால்களால் டேங்க்கை அணைத்துக்கொண்டு கையைத் தளர விட்டால் முன்சக்கரம் தன் வழியைத் தானே கண்டுகொள்ளும். திருப்பத்தில் முன்பிரேக்கைத் தொட்டால் மட்டும் சரளை மன்னிக்காது.

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டின் செம்மணல் வேறு பாடம். ஆக்சிலரேட்டரைக் குறைத்த நொடியில் முன்சக்கரம் புதைந்து ஆளைத் தூக்கிப்போடும். உடல் எடையைப் பின்னால் தள்ளி, பார்வையைத் தொலைவில் வைத்து, வேகத்தை விடாமல் போக வேண்டும். பயம் ‘குறை’ என்கிறது, மணல் ‘கூட்டு’ என்கிறது. இந்த முரணை உடம்பு ஏற்றுக்கொள்ளும் வரை கிளட்ச் பிளேட் கருகிக்கொண்டே இருக்கும். புதியவருடைய முதல் மண் தேரியாக இருக்கக் கூடாது.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காய்ந்திருக்கும்போது பெரிய தொல்லை இல்லை. ஒரு மழை பெய்துவிட்டால் அது சக்கரத்தில் அப்பிக்கொண்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகி, கடைசியில் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். இதற்கு ஓட்டும் நுட்பம் எதுவும் கிடையாது. போகாமல் இருப்பதே நுட்பம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய ஏரிப்படுகைகள் இதைவிட வஞ்சகமானவை: மேலே வெடித்துக் காய்ந்த ஏடு, கீழே உளை. பார்க்கத் திடல் மாதிரி இருக்கும். நடுவில் போனதும் வண்டி அச்சு வரை இறங்கும். மழை ஓய்ந்து நிலம் கொஞ்சம் இறுகும் தை, மாசி மாதங்கள்தான் தொடங்குவதற்கு ஏற்றவை. சித்திரை வெயிலில் முழு உடுப்போடு குவாரிக்குள் சுற்றுவது உடம்பை வருத்தும் வேலை.

இந்த மண்ணுக்கே உரிய சில ஆபத்துகள் வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்களில் வராது. கைப்பிடிச் சுவர் இல்லாமல் தரை மட்டத்தில் வாய் திறந்து கிடக்கும் பாசனக் கிணறு. பாதையின் குறுக்கே நீண்டு கிடக்கும் மாடு கட்டிய கயிறு. கைவிடப்பட்ட கல்குவாரியில் மேடு முடிந்ததும் திடீரென்று நூறடிப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நடந்து போய்ப் பார்க்காமல் எந்த மேட்டிலும் வண்டியை ஏற்றக் கூடாது என்பதை நல்ல லீட் முதல் நாளே சொல்லிவிடுவார். ஓடையைக் கடப்பதும் அப்படித்தான். முதலில் ஒருவர் இறங்கி நடந்து ஆழம் பார்க்க வேண்டும். வண்டி தண்ணீரில் சாய்ந்து அணைந்துவிட்டால் செல்ஃப் பட்டனைத் தொடக் கூடாது. எஞ்சினுக்குள் நீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது.

சீமைக் கருவேல முள் தனிக் கதை. ஸ்போக் சக்கரம், டியூப் டயர், முள்காடு மூன்றும் சேர்ந்தால் பஞ்சர் நிச்சயம். மண்ணில் பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுவார்கள். சாலையில் 25, 30 பிஎஸ்ஐ வைப்பவர்கள் மண்ணில் 18, 20 வரை இறக்குவார்கள். அதற்கும் கீழே போனால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும். எனவே குழுவில் எவரிடமாவது டயர் லீவர், பம்ப், 21 அங்குல டியூப் கட்டாயம் இருக்க வேண்டும். அவசரத்துக்கு அந்த முன்சக்கர டியூபையே பின்சக்கரத்திலும் மடித்துத் திணித்து ஊர் வந்து சேரலாம். கிளம்பும் முன் “டியூப் யார் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், அந்தக் குழு இதுவரை அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது.

புதியவர் சேர்வதற்கு முன்பே பழக வேண்டியவை அதிகம் இல்லை. ஃபுட்பெக்கில் நின்றபடி மெதுவாக ஓட்டுவது. ஒரு விரலால் கிளட்ச்சைப் பாதி பிடித்து நடை வேகத்தில் எட்டு போடுவது. விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்குவது: ஹேண்டிலை ஒருபக்கம் முழுக்கத் திருப்பி, வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, இடுப்பை வளைக்காமல் கால் பலத்தில் எழ வேண்டும். ஊர் மைதானத்தில் சில காலைகள் போதும். பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி வண்டியில் இருந்தால், சரளை இறக்கத்தில் அது ஏன் தேவைப்படுகிறது என்றும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

முறையாகக் கற்க விரும்புவோருக்கு இடங்களும் வரத் தொடங்கிவிட்டன. டக்கார் பந்தயத்தை 2015ல் முடித்துக் காட்டிய முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், கோலார் அருகே பிக் ராக் என்ற மண்தளத்தில் பயிற்சிப் பள்ளி அமைத்தார். சென்னையிலிருந்து விடிகாலை கிளம்பினால் மதியத்துக்குள் சேரும் தூரம். வண்டி நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அவ்வப்போது பயிற்சி நாள் நடத்துகின்றன. காசு கொடுத்துக் கற்பதில் ஒரு லாபம் உண்டு: அங்கே விழுந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏன் விழுந்தீர்கள் என்று சொல்வார்கள். நண்பர் குழுவில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் தாங்கள் எப்படிக் கற்றோம் என்பதையே மறந்துவிட்டவர்கள். பள்ளியில் ஒரு நாள், பிறகு ஐந்தாறு பேர் குழு என்ற வரிசையை நான் பரிந்துரைப்பேன்.

உடுப்பு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லலாம். ஹெல்மெட் எல்லாரிடமும் இருக்கிறது. அடுத்து வாங்க வேண்டியது ஜாக்கெட் என்று நினைக்கிறார்கள், பூட்ஸ்தான் அடுத்தது. மண்ணில் கணுக்காலும் பாதமும் எளிதில் அடிபடும். கேன்வாஸ் ஷூவோடு வருபவரை அனுமதிக்காத குழு கறாரான குழு, அதாவது நல்ல குழு. மோட்டார் சைக்கிள் காலணிக்கு ஐரோப்பியத் தரக்குறி இஎன் 13634. முழங்கால், முழங்கை காப்புகளுக்கு இஎன் 1621. இந்த எண்களைப் பார்த்து வாங்கினால் விலை மலிவானதும் உதவும். பிறர் பயன்படுத்திய பூட்ஸும் காப்புகளும் வாங்கலாம், ஹெல்மெட்டை மட்டும் அப்படி வாங்கக் கூடாது. ஏற்கெனவே அடிபட்டதா என்று வெளியே தெரியாது. முதுகில் இரண்டு லிட்டராவது தண்ணீர் வேண்டும்.

108 ஆம்புலன்ஸ் 2008லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது. ஆனால் அது தார்ச்சாலை முடியும் இடம் வரைதான் வரும். அங்கிருந்து விழுந்தவர் கிடக்கும் இடம் வரை உள்ள இரண்டு கிலோமீட்டர் யாருடைய பொறுப்பு? புறப்படும் முன் லீட் இதை யோசித்திருக்க வேண்டும். அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, எந்தக் கிராமத்தில் டிராக்டர் அல்லது ஜீப் கிடைக்கும், சிக்னல் எங்கே அறுபடும் என்பவை முன்கூட்டியே குழுவுக்குத் தெரிய வேண்டும். கழுத்தில் அடி என்ற சந்தேகம் இருந்தால் ஹெல்மெட்டை அவசரப்பட்டு உருவக் கூடாது என்பதாவது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெண்கள் இத்தகைய குழுக்களில் குறைவு. ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019ல் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் பாஹா உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்ற பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இருக்கை உயரம் ஒரு காரணம் என்பார்கள். 820 மில்லிமீட்டருக்கு மேல் உயரமான இருக்கை குள்ளமான ஆண்களுக்கும்தான் தொல்லை. நாள் முழுக்கக் கழிப்பறை இல்லாத தடத்தைத் திட்டமிடுவது யார் என்ற கேள்வி அதைவிடப் பொருத்தமானது.

இனி, அதிகம் பேசப்படாத பக்கம்: யார் நிலத்தில் ஓட்டுகிறோம்? அமெரிக்காவில் 2005ல் வந்த விதிப்படி, தேசிய வனங்களில் எந்தத் தடங்களில் மோட்டார் வண்டி போகலாம் என்று குறித்து வரைபடமே வெளியிடுகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ல் வந்த சட்டம், பதிவேட்டில் ஏறாத பல பழைய பாதைகளில் மோட்டார் வண்டிகளுக்கு இருந்த உரிமையை நீக்கியது. சத்தமும் சேறும் தாங்காமல் கிராமத்தார் எழுப்பிய எதிர்ப்புக்கு அதில் பங்குண்டு. நம்மிடம் அப்படிக் குறித்த தடமும் இல்லை, வரைபடமும் இல்லை. “இங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்ற வாய்மொழி மட்டும்தான் இருக்கிறது. ஏரி நீர்வளத் துறையுடையது, குவாரி குத்தகைதாரருடையது, வரப்பு யாரோ ஒரு விவசாயியுடையது. ஆளில்லாத நிலமும் காலியானது இல்லை: திறந்த சரளைத் தரையில் ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாமலே முட்டையிடும். கூழாங்கல் நிறத்தில் இருக்கும் அதை ஓட்டுபவர் பார்க்கவே முடியாது.

காட்டுக்குள் விஷயம் தெளிவானது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதை 1972ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. காப்புக்காடுகளுக்கு 1882ம் ஆண்டிலிருந்தே தமிழ்நாடு வனச்சட்டம் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. நடந்து போகவே அனுமதி வேண்டிய இடத்தில் வண்டியோடு நுழைய எந்த லீடுக்கும் அதிகாரம் கிடையாது.

காப்பீட்டிலும் ஒரு கண் வேண்டும். சாதாரண மோட்டார் பாலிசியில் ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை போன்றவை விலக்கு என்றே அச்சிட்டிருக்கும். நேரம் கணித்து, பரிசு வைத்து நடத்தும் நிகழ்ச்சி என்றால் அந்த விலக்கு உங்கள் மீது பாயலாம். தனி விபத்துக் காப்பீடு உண்டா என்று நடத்துபவரிடம் கேட்க வேண்டும். காலையில் கையெழுத்து வாங்கும் பொறுப்புத்துறப்புப் படிவம் நடத்துபவரைக் காப்பதற்காக எழுதியது. பதிவு எண் இல்லாத, பந்தயத்துக்கென்றே வந்த டர்ட் பைக்கைப் பொதுச்சாலையில் ஒரு பர்லாங்குகூட ஓட்ட முடியாது, வேனில்தான் ஏற்றிப் போக வேண்டும். வனக்குற்றத்தில் வண்டியைக் கைப்பற்ற வனத்துறைக்கு அதிகாரம் உண்டு. பதிவுச் சான்றில் இருக்கும் பெயர் உங்களுடையது, லீடுடையது கிடையாது. ஆகவே எந்த ஊர், யார் நிலம், யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று முந்தைய நாளே கேளுங்கள். “வந்து பாருங்க ப்ரோ, செமையா இருக்கும்” என்பது மட்டும் பதிலாக வந்தால், அடுத்த குழு தேடுங்கள்.